குறிச்சியில் சிஎன்சி செட்டர் கிடைப்பதில்லை, வந்தவரும் நிற்பதில்லை. ஆள் எடுக்கும் முறையில் என்ன மாற்றலாம்?

குறிச்சி யூனிட்:

வணக்கம். கோவை குறிச்சி சிட்கோவில் அப்பா தொடங்கிய மெஷின் ஷாப்பை இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும்) லேத் எட்டு, விஎம்சி எனும் மில்லிங் மெஷின் மூன்று. பம்ப் ஷாஃப்ட், புஷ், ஸ்பின்னிங் மெஷினுக்குப் போகும் சின்னச் சின்ன உதிரி பாகங்கள், எல்லாமே ஜாப் ஒர்க். முப்பத்துச் சொச்சம் பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆளுக்குத்தான் தட்டுப்பாடு.

உடனடியாகத் தேவை இரண்டு செட்டர் (புது ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்கிறவர்), நாலு ஆபரேட்டர் (அதை ஓட்டுகிறவர்). வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம், வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பணம் கட்டிப் போட்டோம், கேட்டில் போர்டும் தொங்குகிறது. போன் வராமல் இல்லை. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடறேங்க" என்பார்கள். மறுநாள் பத்து மணிக்குக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். வருகிறவர்களில் நன்றாகப் பேசுகிறவரைச் சேர்த்தால், மெஷின் முன்னால் போய் நின்றதும் கதை வேறாக இருக்கிறது. சமீபத்தில் சேர்ந்த ஒருவர் ஐந்து வருட அனுபவம், ஃபேனக், சீமன்ஸ் கன்ட்ரோல் இரண்டும் தெரியும் என்றார். புரோகிராமில் ஜி71 என்ற கோடு எதற்கு என்று கேட்டதும் டக்கென்று சொன்னார். சாஃப்ட் ஜாவை, அதாவது பீஸைப் பிடிக்கும் சக்கின் தாடையை, அளவுக்குக் குடைந்து போர் செய்யச் சொன்னோம். "அதெல்லாம் எங்க செட்டர் பண்ணிக் கொடுத்துருவார்" என்கிறார். அவரைச் செட்டர் என்று எடுத்ததே அதற்குத்தான்.

இன்னொரு பக்கம், நன்றாக வேலை செய்கிறவர்கள் நிற்பதில்லை. எங்களிடம் ஹெல்பராக வந்து, ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) மாற்றக் கற்று, தனியாக மெஷின் பார்க்கும் அளவுக்கு வந்த பையனை, மாதம் 1,500 ரூபாய் கூடக் கொடுத்து அடுத்த வீதிக்காரர்கள் கூட்டிப் போய்விட்டார்கள். "இனி யாருக்கும் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், ரெடியா இருக்கறவங்களை மட்டும் எடுப்போம்" என்கிறான் தம்பி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் வேறு வழி சொல்லவும் தெரியவில்லை.

நாங்கள் போட்டிருக்கும் நோட்டீஸ் இது: "சிஎன்சி ஆபரேட்டர் / செட்டர் / புரோகிராமர் தேவை. ஆண்கள் மட்டும். 3 முதல் 5 வருட அனுபவம். சம்பளம் தகுதிக்கேற்ப. நேரில் வரவும்."

வேலை தெரிந்தவரா என்பதைச் சேர்க்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்ந்தவரை எப்படி நிறுத்தி வைப்பது? ஷாப் நடத்துகிறவர்கள், வேலை செய்கிறவர்கள் இரண்டு தரப்பும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணபதி பார்ட்ஸ்:

நானும் இதே கஷ்டத்தில்தான் இருந்தேன். கடைசியில் வெளிமாநில ஆட்களைக் கான்ட்ராக்டர் மூலம் எடுத்துவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னாலேயே ரூம் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஷிப்டுக்கு ஆள் இல்லை என்ற பேச்சு இல்லை. லோடிங், டிபரிங் (பிசிறு எடுப்பது), பேக்கிங் வேலைக்கு இது சரியான வழி. ஆனால் செட்டர் அப்படிக் கிடைக்கமாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போனால் திரும்பி வர மாதமாகும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நம்ம ஊர்ப் பசங்களைச் சேர்த்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரு வருஷமாவது நிற்பார்கள்.

பழைய செட்டர்:

அம்மணி, கணபதிக்காரர் சொன்ன கடைசி யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்டிபிகேட் அந்தப் பையனின் சொத்து. அதைப் பிடித்து வைப்பது தப்பு. அது தவிர, சர்டிபிகேட்டுக்காக நிற்கிறவன் வேலையில் மனசு வைக்கமாட்டான். அவன் ஓட்டும் மெஷினில் எந்த ஜாப் எப்படி வரும் என்று உங்களால் சொல்ல முடியாது.

நான் ஐ.டி.ஐ. டர்னர் முடித்துச் சாதா லேத்தில் ஆரம்பித்தவன். அப்புறம் சிஎன்சி, அப்புறம் ஃபோர்மேன். இப்போது ஓய்வு. தெரிந்த ஷாப்களில் ஆள் எடுக்கும்போது கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்துக் கொடுப்பேன்.

முதலில் உங்கள் நோட்டீஸ். ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் மூன்றையும் ஒரே வரியில் போட்டால் மூன்றில் எதுவும் இல்லாதவரும் கிளம்பி வருவார், மூன்றும் தெரிந்தவர் "இவங்களுக்கு என்ன வேணும்னு இவங்களுக்கே தெரியலை" என்று வராமல் இருந்துவிடுவார். ஷிப்ட் புத்தகத்தை எடுத்து, மெஷின் எதனால் நின்றது என்று ஒரு மாதத்துக்குப் பாருங்கள். ஜாப் மாற்ற ஆள் இல்லாமல் நின்றதா, ஆபரேட்டர் லீவு போட்டதால் நின்றதா, இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை) வராமல் நின்றதா? எட்டு லேத்துக்கு நல்ல செட்டர் ஷிப்டுக்கு ஒருத்தர் இருந்தாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். அந்த ஒருத்தருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள்.

அடுத்தது அனுபவம். ஐந்து வருஷம் என்று பேப்பரில் இருக்கும். அந்த ஐந்து வருஷமும் ஒரே பம்ப் ஷாஃப்டை மாட்டி சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தியிருப்பார். ஆளைக் குறை சொல்லவில்லை, அவரை வேலைக்கு வைத்தவர்கள் அதற்கு மேல் விடவில்லை. அதனால் எத்தனை வருஷம் என்று கேட்பதை விட, கையில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆபீஸ் ரூமில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் பேச்சுத்தான் தெரியும்.

நான் செய்வது இது. ஒரு மேஜையில் 30 மி.மீ. ஷாஃப்ட் ஒன்று வைப்பேன், ஒரு முனை 30.00, மறுமுனை 29.97 இருக்கிற மாதிரி. பக்கத்தில் 25–50 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி, அதன் பெட்டியோடு. மைக்ரோமீட்டரை வேண்டுமென்றே 0.02 தள்ளி வைத்திருப்பேன். "தம்பி, இதை அளந்து சொல்லுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொள்வேன். நன்றாகக் கற்றவன் முதலில் வேஸ்ட் துணி தேடுவான், ஷாஃப்டைத் துடைப்பான், அன்வில் முகத்தைத் துடைப்பான். பெட்டியைத் திறந்து 25 மி.மீ. ஸ்டாண்டர்ட் கட்டையை எடுத்து ஜீரோ பார்ப்பான். "அண்ணா, இது ரெண்டு பாயிண்ட் தள்ளியிருக்குதுங்க" என்று அவனாகவே சொல்வான். அப்புறம் அழுத்தம் மீறாதபடி ராட்செட்டைத் திருகி அளப்பான், இரண்டு முனையிலும் அளப்பான். மற்றவன் திம்பிளைப் பிடித்து இறுக்கி, நடுவில் ஒரே இடத்தில் பார்த்து, ஒரு நம்பர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். ஐந்து நிமிஷ வேலை. பாதித் தேர்வு இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து ட்ராயிங். 25 ஹெச்7 துளை என்று போட்டிருக்கும், லிமிட் என்ன என்று கேட்பேன். 25.000 முதல் 25.021 வரை. மனப்பாடமாகச் சொன்னால் நல்லது. "சார்ட் இருக்குங்களா, பாத்துச் சொல்றேன்" என்றால் அதுவும் எனக்குத் திருப்திதான். தெரியாமல் அடித்துவிடுகிறவனைத்தான் தவிர்ப்பேன்.

அப்புறம் மெஷின். உங்கள் ஆள் கூடவே நிற்கட்டும், யாரையும் தனியாக விடாதீர்கள். வெளிவிட்டம் டர்னிங் செய்த ஒரு பீஸைக் கொடுத்து, "இது 0.03 பெரிசா இருக்கு, சரி பண்ணு" என்று சொல்லுங்கள். வேர் ஆஃப்செட் (டூல் தேய்மானத் திருத்தம்) பக்கத்தில் ஏற்கெனவே மைனஸ் 0.12 இருக்கட்டும். மைனஸ் 0.03 அடித்துவிட்டு அவன் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். ஃபேனக்கில் 'பிளஸ் இன்புட்' அழுத்தினால் பழைய மதிப்போடு சேர்ந்து மைனஸ் 0.15 ஆகும். வெறும் 'இன்புட்' அழுத்தினால் பழையது அழிந்து மைனஸ் 0.03 மட்டும் நிற்கும், ஜாப் இன்னும் பெரிசாகிவிடும். வெளிவிட்டத்தில் பார்ப்பதால் பீஸ் வீணாகாது, இன்னொரு கட் எடுத்துக்கொள்ளலாம். உள்துளையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். துளை பெரிசானால் பெரிசானதுதான்.

இதுவரை ஆபரேட்டருக்கு. செட்டர் என்றால் சாஃப்ட் ஜா போர் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு ரிங்கையோ பிளக்கையோ கடிக்க வைத்து, சக் பிரஷரில் இருக்கும்போதே போர் செய்கிறாரா என்று பாருங்கள். அந்த ரிங்கைக் கேட்டு வாங்குகிறவருக்கு வேலை தெரியும். ஜா போர் செய்தபின் முதல் பீஸ் ஓட்டும்போது, யாரும் சொல்லாமலே சிங்கிள் பிளாக் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டுவது) போட்டு, ரேபிட் வேகத்தை 25 சதவீதத்துக்குக் குறைத்து, டூலை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பட்டன் பக்கத்தில் கை வைத்து நிற்கிறாரா? அப்படி நிற்கிறவரை அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பாதீர்கள். மறுநாள் அவர் வேறு எங்கேயோ இருப்பார்.

டெஸ்ட் அரை நாளைத் தாண்டினால் கூலியும் சாப்பாடும் கொடுங்கள். ட்ரையல் என்று சொல்லி இரண்டு நாள் ப்ரொடக்‌ஷன் ஓட்ட வைத்துவிட்டு, வெறும் கையோடு அனுப்புகிற ஷாப்கள் உண்டு. அது உழைப்புத் திருட்டு. அந்த ஷாப்பின் பெயர் பசங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "நீ ஓட்டின ஜாப் ரிஜெக்ட் ஆனப்ப என்ன பண்ணின?" எனக்கு ரிஜெக்‌ஷனே வராது என்கிறவன் மறைக்கிறான். "இன்சர்ட் உடைஞ்சுதுங்க, பாக்காம விட்டுட்டேன், ஏழு பீஸ் போயிருச்சு, தனியா எடுத்து வச்சு சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன்" என்கிறவன் எனக்கு வேண்டும். ஆனால் இதற்கு உங்கள் பக்கமும் ஒழுங்காக இருக்க வேண்டும் அம்மணி. ரிஜெக்ட் ஆனதைச் சொன்னவனை ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டினால், அடுத்த முறை அந்தப் பீஸ் நல்ல பீஸ்களின் ட்ரேயிலேயே கலந்து போகும். கஸ்டமர் இடத்தில்தான் வெளியே தெரியும். பசங்க ஓடிப்போவதற்கும் பல இடங்களில் ஃபோர்மேனின் வாய்தான் காரணம். நான் ஃபோர்மேனாக இருந்தவன், என் தொழில்காரர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். உங்கள் ஃபோர்மேன் எப்படிப் பேசுகிறார் என்று ஷெட்டுக்குள் நின்று கேட்டுப் பாருங்கள்.

தம்பி சொல்வது போல ரெடியாக இருப்பவரை மட்டும் எடுப்பதென்றால், அந்த ரெடியான ஆளை யார் உருவாக்குவது? எல்லாரும் அடுத்த வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசியில் ஏலம்தான் நடக்கும். ஐ.டி.ஐ. டர்னர், மெஷினிஸ்ட் இரண்டுமே இரண்டு வருஷப் படிப்பு. ஜி.என். மில்ஸ் பக்கம் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. தேர்வு முடிவதற்கு முன்பே போய் அங்கே இருக்கிற பயிற்சி அலுவலரைப் பார்த்துப் பேசுங்கள், இரண்டு பையன்களை அழைத்து வந்து ஷாப்பைக் காட்டுங்கள். வருஷத்துக்கு இரண்டு பேர். அவர்களை மாறி மாறிச் செட்டர் கூட நிறுத்துங்கள். "இந்த மூணு ஜாபும் தனியா செட் பண்ணினா இவ்வளவு ஏறும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவன் கேட்காமலே ஏறட்டும். இரண்டு பேரில் ஒருத்தன் போவான். போகட்டும். மற்றவன் நிற்பான்.

ரூம்மேட் நாலு பேர்:

அக்கா, நான் வேலை செய்கிற பக்கம். ஊர் வேடசந்தூர். டிப்ளமோ மெக்கானிக்கல். சுந்தராபுரத்தில் ரூம் எடுத்து நாலு பேர் தங்கியிருக்கிறோம். நாலு பேருமே வேலை மாறியவர்கள். ஏன் மாறினோம் என்று சொல்கிறேன்.

நான் முதலில் இருந்த இடத்தில் சேரும்போது எட்டு மணி நேர ஷிப்ட் என்றார்கள். உள்ளே போனால் பன்னிரண்டு. கூடுதல் நாலு மணி நேரத்துக்கு ஒற்றைச் சம்பளக் கணக்கு. சட்டப்படி ஓ.டி.க்கு (ஓவர்டைமுக்கு) இரட்டிப்பு என்று எங்களுக்கும் தெரியும். கேட்டால் "இஷ்டம் இருந்தா இரு" என்றார்கள். சம்பளத் தேதி ஏழு என்றார்கள், பத்தாகி, பதினைந்தாகிவிட்டது. ரூம் வாடகையும் மெஸ் காசும் ஐந்தாம் தேதியே கொடுக்க வேண்டும். என் ரூமில் ஒருத்தன் இப்போது சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான். வேலை பிடித்துப் போகவில்லை, காசு வாரா வாரம் கைக்கு வருகிறது, அதற்காக.

இன்டர்வியூவுக்கு வராமல் போனை அணைத்து வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தால், "முதலாளி வெளியே போயிருக்கார், நாளைக்கு வா" என்பார்கள். மறுநாளும் வந்து டெஸ்ட் எழுதிவிட்டுப் போனால், எடுத்தார்களா இல்லையா என்று யாரும் சொல்வதே இல்லை. ஒரு போன் கூட வராது. அதனால் நாங்கள் ஒரே நாளில் நாலு இடத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வைக்கிறோம். முதலில் சரி என்று சொல்கிற இடத்தில் சேர்ந்துவிடுகிறோம்.

நோட்டீஸில் "சம்பளம் தகுதிக்கேற்ப" என்று பார்த்தாலே குறைவாகத்தான் கொடுப்பார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். தொகையைப் போடுங்கள். கைக்கு எவ்வளவு வரும் என்று போடுங்கள்.

உங்களிடமிருந்து போன பையன் 1,500 ரூபாய்க்காகத்தான் போனான் என்று நினைக்காதீர்கள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள் அக்கா. கற்றுக்கொண்ட பிறகும் ஹெல்பர் சம்பளத்திலேயே இருந்தானா?

லைன் இன்ஸ்பெக்டர்:

"ஆண்கள் மட்டும்" என்ற வரியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே.

நானும் டிப்ளமோ மெக்கானிக்கல்தான், அரசூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். அதற்கு முன்பு சிஎன்சி ஓட்டியிருக்கிறேன். என் வகுப்பில் படித்த பெண்களில் பாதிப் பேர் இந்தத் துறையிலேயே இல்லை, கூப்பிட்ட இடம் எல்லாம் ஆண்கள் மட்டும். ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976ஆம் ஆண்டிலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் எல்லாம் தங்குமிடம், சாப்பாடு, பஸ் கொடுத்து ஆயிரக்கணக்கில் பெண்களை எடுக்கிறார்கள். கோவையில் சின்ன ஷாப்கள் ஆள் இல்லை ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டே பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

உங்கள் ஜாப் பெரும்பாலும் சின்ன ஷாஃப்ட், புஷ்தானே. கையில் தூக்கி மாட்டுகிற எடைதான். எங்களுக்கு வேண்டியது பூட்டுப் போட்ட சுத்தமான கழிப்பறை, உடை மாற்ற இடம், பகல் ஷிப்ட், மாலையில் பொள்ளாச்சி ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட ஏற்பாடு. சேர்க்கும்போது இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். தனியாக ஒரு பெண்ணை முப்பது ஆண்களுக்கு நடுவில் நிறுத்தினால் வீட்டில் விடமாட்டார்கள், அவளுக்கும் தைரியம் வராது.

ஆள்சேர்ப்பு கோவை:

நான் பெரிய கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். வேலை பார்த்துவிட்டு, இப்போது சின்ன யூனிட்களுக்குச் சம்பளக் கணக்கு, பி.எஃப். வேலை செய்து கொடுக்கிறேன்.

பழைய செட்டர் ஐயா அனுபவத்தில் சொன்னதற்கு ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையைச் செய்து காட்டச் சொல்லும் தேர்வு, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறையான நேர்காணல், இவை ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் கணித்தன. எத்தனை வருட அனுபவம், எத்தனை வருடப் படிப்பு என்பவை அடிமட்டத்தில் இருந்தன. 2022இல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள், எண்கள் இறங்கின, முறையான நேர்காணல் மேலே வந்தது. வேலை அறிவும் செய்து காட்டுவதும் அப்போதும் மேல்வரிசையில்தான் இருந்தன. ஆகவே ஐயாவின் மேஜையை எல்லாருக்கும் ஒரே மாதிரி வையுங்கள், தெரிந்தவர் சொல்லி வந்தவருக்கும் சேர்த்து. ஒரு தாளில் குறித்து வையுங்கள். சொந்தக்காரப் பையன் என்றால் அளக்காமலே எடுப்பது நம் ஊரில் நிறைய நடக்கிறது.

அடுத்தது சம்பளம். ரூ.18,000 என்று சொல்லிச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். பேசிக்கும் டி.ஏ.வும் ரூ.15,000 அல்லது அதற்கு மேல் இருந்தால், ரூ.15,000க்கு 12 சதவீதம் பி.எஃப். ரூ.1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், ரூ.135. கைக்கு வருவது ரூ.16,065. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் சம்பளத்தன்று பையன் "ரெண்டாயிரம் புடிச்சுட்டாங்க" என்று கிளம்பிவிடுகிறான். சேரும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவனுக்காக நீங்களும் அதே அளவு பி.எஃப்.க்கும் பென்ஷனுக்குமாகக் கட்டுகிறீர்கள், இ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள். சம்பளம் ரூ.21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது, செட்டருக்குப் பேசும்போது அதை நினைவில் வையுங்கள்.

உங்களிடம் முப்பது பேருக்கு மேல் இருப்பதால் இன்னொன்று. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டத்தின் கீழ், 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2016இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் ரூ.1,500, அரசு ஏற்கிறது. ஐ.டி.ஐ.யிலிருந்து இரண்டு பேர் என்று ஐயா சொன்னதை இந்த வழியில் செய்யலாம். ஆள் தேட, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களும், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளமும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

குறிச்சி யூனிட்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, ஷிப்ட் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். மெஷின் நின்றது பெரும்பாலும் ஜாப் மாற்றும்போதுதான், அதிலும் இரண்டாவது ஷிப்டில். மெஷினில் வைத்துப் பார்ப்பதற்குத் தம்பி ஒத்துக்கொண்டான். அப்ரண்டிஸ் விஷயத்தில் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறான், பேசிப் பார்க்கிறேன்.

போன பையனிடம் பேசினேன். சம்பளத்தை விட, புது ஜாப் வந்தால் தன்னைச் செட்டிங் பக்கம் விடவே இல்லை என்பதுதான் அவனுக்கு மனத்தாங்கல். அங்கே விடுகிறார்களாம். இப்போதைக்கு வரமாட்டேன் என்றான். தன் நண்பன் ஒருவனை அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.

புது நோட்டீஸ் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"சிஎன்சி டர்னிங் செட்டர் 2 பேர். ஃபேனக். ஷிப்டுக்கு ஒருவர், எட்டு மெஷின். ஜா போரிங், முதல் பீஸ் அப்ரூவல் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் ரூ.24,000, பி.எஃப். போகக் கைக்கு ரூ.22,200. ஆபரேட்டர் 4 பேர், ஆண் பெண் இருபாலரும். அனுபவம் இல்லாத ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களும் வரலாம். சம்பளம் ரூ.18,000, கைக்கு ரூ.16,065. ஷிப்ட் 8 மணி நேரம். ஓ.டி. இரட்டைச் சம்பளம். சம்பளத் தேதி 7. மெஷினில் அரை நாள் டெஸ்ட், அதற்குக் கூலியும் மதியச் சாப்பாடும் உண்டு. முடிவு மறுநாளே போனில் சொல்லப்படும்."

ஒரு சந்தேகம். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது டெஸ்டுக்கு எதை நிறுத்துவது?

லைன் இன்ஸ்பெக்டர்:

கழிப்பறையைக் கட்டி முடித்த பிறகு நோட்டீஸை வெளியிடுங்கள். முதல் நாள் வருகிற பெண் அதைத்தான் முதலில் பார்ப்பாள்.

ரூம்மேட் நாலு பேர்:

அக்கா, இரண்டு ஷிப்டும் வாரா வாரம் மாறுமா, மாதத்துக்கு ஒருமுறை மாறுமா என்று போடுங்கள். இரவு எத்தனை மணிக்கு முடியும் என்றும் போடுங்கள். எங்கள் மெஸ் ஒன்பதரைக்கு மூடிவிடும்.

பழைய செட்டர்:

நோட்டீஸ் சரியாக இருக்கிறது அம்மணி. டெஸ்டுக்கு ஓடுகிற மெஷினை நிறுத்த வேண்டாம். எந்த மெஷினில் அன்றைக்கு ஜாப் மாறப்போகிறதோ அந்த நேரத்துக்கு ஆளை வரச் சொல்லுங்கள். எப்படியும் ஜா போர் செய்யத்தான் போகிறீர்கள், அவர் செய்யட்டும், உங்கள் செட்டர் பக்கத்தில் நிற்கட்டும். ஆபரேட்டர் டெஸ்டுக்கு உங்கள் லேத்துகளில் பழையது எதுவோ அதை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சர்ட் புதிதாக மாட்டாதீர்கள், கொஞ்சம் தேய்ந்ததே இருக்கட்டும். அதைக் கவனிக்கிறானா என்றும் தெரிந்துவிடும்.